துண்டை உதறிய குற்றம்

போன வாரம் சுக்குக் கிடங்குப் பூனைகளைப் பற்றி எழுதியிருந்தேன். பூனைகள் அப்புறம் என்ன ஆயின என்று சில பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு இந்த வாரம் பூனைகளோடு உட்கார முடியவில்லை. வேறொரு இடம் கூப்பிடுகிறது.

எர்ணாகுளம் ஹைகோர்ட் வராந்தா.

ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்த கட்டிடம். ஆனை தலை குனியாமல் நுழையலாம், அவ்வளவு உயரமான கதவுகள். காயல் காற்று கறுப்பு அங்கிகளுக்குள் புகுந்து புடைத்துக்கொண்டு போகும். அந்த வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு. பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரர் வேலுச்சாமியும்.

அவருடைய வலது கை அடிக்கடி இடது தோளுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. ஏமாந்த மாதிரி மடிக்குத் திரும்பும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போகும்.

துண்டில்லாத அந்தத் தோளை வீட்டுக்கு வெளியே நான் பார்த்தது அந்தக் கோர்ட்டில் மட்டும்தான். பாதி உரித்த பழம் மாதிரி இருந்தது. வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "துண்டு மட்டும் வேண்டாம். கோர்ட் காம்பவுண்டுக்குள்ளயே அது வரப்படாது."

வழக்கே அந்தத் துண்டின் பேரில்தான். கோர்ட் அவமதிப்பு. ஆறு மாதம் வரைக்கும் உள்ளே போடலாமாம்.

மிளகாய் குடித்த உடம்பு

வழக்கு வந்தபோது எமர்ஜென்சி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். எண்பது பிறந்துவிட்டதா இல்லையா, சரியாகச் சொல்ல வரவில்லை. சாத்தூரிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவள் நான். அவர் வீட்டார் மூன்று தலைமுறையாக அங்கேதான். தாத்தா மிளகாய் மூட்டையோடு வந்து இறங்கினார், மூட்டை போயிற்று, தாத்தா போகவில்லை என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

பஜார் ரோட்டில் மிளகாய்க் கிடங்கு. வேலை என்னவென்றால், வற்றலைச் சாக்கில் போட்டு, ஆள் உள்ளே இறங்கி, காலால் மிதித்து மிதித்து அமுக்க வேண்டும். மிதித்த மிளகாய் மேல் இன்னும் மிளகாய். காலில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு இறங்குவார். ஏறி வரும்போது முழங்கால் வரை சிவந்திருக்கும், ஏதோ சாயத் தொட்டியில் நின்றவர் மாதிரி.

அவருக்கு எரியாது. நெடி தெரியாது. இருமல் வராது. பத்துப் பன்னிரண்டு வயதில் உள்ளே இறங்கிய உடம்பு. மிளகாய் அதை எப்போதோ தின்று ஏப்பம் விட்டு நகர்ந்துவிட்டது.

எனக்கு வரும். அவர் சந்து திரும்பும்போதே என் தொண்டைக்குத் தெரியும். நாலு தும்மல், பிறகு இருமல், பிறகு கண்ணில் தாரை. பக்கத்து வீட்டு பீவாத்தா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காதில் கேட்டாள்.

"எந்தா மோளே, அவன் வந்தால் உடனே நீ கரையுன்னது? தல்லுமோ அவன்?"

ஏன் அழுகிறாய், அடிக்கிறானா என்று கேட்கிறாள். நான் சிரித்துக்கொண்டே இருமினேன். "இல்லாத்தா, முளகு!" என்றேன். முளகு என்றால் அங்கே மிளகாய். அவளுக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

அவரிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை முடிந்து ஆசையாக வீடு வருகிற மனுஷனிடம், நீங்கள் வந்தாலே எனக்கு இருமல் வருகிறது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு நெஞ்சில் சளி என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். மாதம் தவறாமல் டானிக் வாங்கி வருவார். நானும் குடிப்பேன். இனிப்பாக இருக்கும்.

காற்றாடிக்குக் கீழே

கிடங்கின் முதலாளிகள் அண்ணன் தம்பிகள். பாகம் பிரிக்கிற சண்டை முன்சீப் கோர்ட் வரைக்கும் போயிற்று. சாவி யார் கையில் இருந்தது என்று சொல்ல, அண்ணன் பக்கம் சாட்சியாக இவரைக் கூப்பிட்டார்கள்.

கிடங்கிலிருந்து நேராகப் போனார். சட்டை மாற்றிக்கொண்டார். துண்டை மாற்றத் தோன்றவில்லை. கையை மாற்றுவோமா, காதை மாற்றுவோமா, அது மாதிரிதான் அவருக்குத் துண்டு.

கூண்டில் ஏறியதும் டவாலிச் சேவகர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாராம்: "தோர்த்து எடுக்கடோ!"

துண்டை எடு என்று. இவர் பதறிப்போனார். பெரியவர்கள் முன்னால் தோளில் துண்டோடு நின்றுவிட்டோமே என்று. முதலில் முன்சீப்பைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு துண்டை எடுத்தார். எடுத்து, ஒரே ஒரு உதறு உதறினார். மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

கிடங்கில் யாருமே துண்டை உதறாமல் மடிக்க மாட்டார்கள். தூசியோடு மடித்து இடுக்கினால் அழுக்கோடு நிற்கிற மாதிரி. மரியாதைக்காக எடுத்த துண்டு, மரியாதைக்காகத்தான் உதறப்பட்டது. ஆனால் தலைக்கு மேலே காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் குமாஸ்தா தும்மினார். பிறகு வக்கீல்கள் வரிசையாக. பிறகு முன்சீப். கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் முகத்தை மூடி, மேஜையில் குனிந்துவிட்டாராம். கோர்ட்டே இருமிக்கொண்டிருக்க, நடுவில் ஒருத்தர் மட்டும் நேராக நின்றார். "தண்ணி குடிங்க சார்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அண்ணன் ஆள் வைத்து மிளகாய்ப் பொடி தூவிக் கோர்ட்டை நிறுத்தப் பார்க்கிறான் என்றார். முன்சீப்புக்கு அப்போது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சிவந்த கண்ணோடு ஒரு மனுஷனுக்குக் கோபம் வருவதில் என்ன அதிசயம்? இவரைச் சாயங்காலம் வரை மூலையில் உட்கார வைத்துவிட்டு, ஹைகோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா?

"ஏ புள்ள, இன்னைக்குக் கோர்ட்ல எல்லாருக்கும் ஒண்ணா இருமல் பிடிச்சுக்கிச்சு. ஏதோ காத்து சரியில்ல. உனக்கும் அதான் போல."

நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டு வரி

நோட்டீஸ் இங்கிலீஷில் வந்தது. பெரிய முதலாளியே தன் வக்கீலிடம் அனுப்பினார். பெரிய வக்கீல், பெரிய மேஜை. தலை நிமிராமல் ஒரு தாளை நகர்த்தினார். டைப் அடித்த இரண்டு வரி. கையெழுத்துப் போட்டால் போதும், அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கு சாரே?"

"மாப்பு. வேறெந்தா?"

நான் டைப்பிங் கிளாசுக்குப் போனவள். எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். வாசித்துச் சொன்னேன். வேண்டுமென்றே செய்த காரியத்துக்காக நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இருந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்.

மாடிப்படியில் எங்களுக்குள் சண்டை.

"ஒரு கையெழுத்து. போட்டுட்டு வந்துடுங்களேன்."

"மன்னிப்புக் கேக்க எனக்கென்ன வெக்கமா? உங்கிட்ட தினம் எத்தனை தடவை கேக்குறேன்."

"அப்புறம் என்ன?"

"வேணும்னு செஞ்சேன்னு அதுல இருக்குல்ல?"

"இருந்துட்டுப் போகுது. யாரு வாசிக்கப் போறா?"

"நான் வாசிச்சுட்டேனே. நீதானே வாசிச்சுக் காட்டினே." பிறகு மெதுவாகச் சொன்னார்: "கும்பிடு போட்டதையே திட்டுனேன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் எந்தக் கையால புள்ள கும்பிடுறது?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெயிலுக்குப் போனால் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இருமினேன்.

அப்போதுதான் படியில் தடதடவென்று யாரோ இறங்கி வந்தார்கள்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கோ!"

விசாலம். அதே ஆபீசில் ஜூனியர். பாலக்காட்டுக் குடும்பம், வீடு திருப்பூணித்துறையில். பஸ்ஸில் நசுங்கி வந்த புடவை, கக்கத்தில் சட்டப் புத்தகம், நெற்றியில் வியர்வையில் கரைந்த சந்தனம். வயது என்னைவிடக் குறைச்சல்தான் இருக்கும்.

"அன்னிக்கு என்ன நடந்துது? உங்க வாயால சொல்லுங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நோட்டீஸ் வந்ததிலிருந்து எத்தனை பேர் என்னென்னவோ சொன்னார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. படியிலேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிக்கும் வரை விசாலம் நின்றுகொண்டே கேட்டார். துண்டு கொஞ்சம் கிட்டே வந்தபோது ஒரு தும்மல். அவ்வளவுதான் குறுக்கீடு.

"முன்சீப்தான் புகார் சொல்றார். பார்த்த சாட்சியும் அவர்தான். அவர் எழுதின ரிப்போர்ட்டை வாசிச்சுட்டு மடமடன்னு தண்டனை குடுத்துட முடியாதாக்கும். என்ன குத்தம்னு உங்களுக்குப் புரியற பாஷையில சொல்லணும். பதில் சொல்ல அவகாசம் தரணும். நம்ம பக்கத்துச் சாட்சியைக் கேக்கணும். கோர்ட்டை அவமதிச்சார்னு சொன்னாலும், அவரும் மத்தவா மாதிரி விசாரணைக்குப் பாத்தியப்பட்டவர்தானே?"

"உங்க பெரிய சார் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுப்பார். அது என் பாடு. நான் கையெழுத்துப் போடச் சொல்லலை, போட வேண்டாம்னும் சொல்லலை. அவர் சொல்றதைச் சொல்லவிடுங்கோன்னு கேக்கப்போறேன்."

எனக்கு அன்றைக்கு அந்தப் பெண்மேல் எரிச்சல்தான் வந்தது. அஞ்சு நிமிஷத்தில் முடிகிறதை இழுத்து விடுகிறாளே என்று.

இருமாதவர்

முதல் தடவை போனபோது இரண்டு நீதிபதிகள். விசாலம் எழுந்து, நோட்டீஸைத் தமிழில் தர வேண்டும் என்றார். அரசு வக்கீல் சிரித்தார். காலம் கடத்துகிறார்கள் என்றார். மூத்த நீதிபதி இவரைப் பார்த்து, "இதில் எழுதியது மனசிலாயோ?" என்று கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார்: "இவ வாசிச்சுச் சொன்ன வரைக்கும் புரிஞ்சுது சாரே." தமிழில் வந்தது. அதற்கே ஒரு மாதம்.

அடுத்த தடவை, முன்சீப் கோர்ட் குமாஸ்தா சாட்சி சொன்னார். ரிப்போர்ட்டைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, பார்த்த ஆளையாவது கேட்க வேண்டும் என்று விசாலம் மன்றாடி வாங்கிய அனுமதி அது. குமாஸ்தா நியாயமான மனுஷர். முதலில் கும்பிட்டார், பிறகுதான் உதறினார் என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் அரசு வக்கீல் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கோர்ட்டே இருமியது, இந்த ஆள் மட்டும் இருமவில்லை. ஏன்? தெரிந்தே தூவியவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான் என்றார்.

சரியாகத்தானே சொல்கிறார் என்று யாருக்கும் தோன்றும்.

வெளியே வந்து, பிராட்வேயில் ஒரு கடையில் விசாலம் எங்களுக்கு நாரங்காவெள்ளம் வாங்கித் தந்தார். இவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்.

"மிளகாய் நெடி அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு நன்னாத் தெரிஞ்சவா யாரு?"

"கிடங்கு ஆளுங்க..."

"அவாளுக்கும்தான் நெடி தெரியாதே. முதலாளி ஆள்னும் சொல்லிடுவா."

நான் எலுமிச்சை விதையை நாக்கால் உருட்டிக்கொண்டிருந்தேன். துப்பிவிட்டுச் சொன்னேன்: "எனக்குத்தான்."

"அப்போ நீங்கதான்."

கூண்டில் நான்

அப்படித்தான் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தோம். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. டவாலி என் பெயரைக் கூப்பிட்டபோது, தோளுக்குப் போன கை பாதி வழியில் நின்றது. "பயப்படாம பேசு புள்ள" என்றார்.

கூண்டின் கம்பி மரக்கம்பி. வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் வியர்த்த உள்ளங்கையோ.

மூத்த நீதிபதிக்குத் தமிழ் தெரியும் என்று அவர் முகம் சொல்லியது. ஆனாலும் நான் பேசுவதை மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் வரை ஒவ்வொரு தடவையும் காத்திருந்தார்.

விசாலம் கேட்டார்: "உங்க புருஷனுக்கு மிளகாய் நெடி தெரியாதுன்னு எப்போ தெரிஞ்சுண்டேள்?"

"மட்டாஞ்சேரிக்கு வந்த மறுநாள் சாயங்காலம்."

"எப்படி?"

அத்தனை கறுப்புக் கோட்டு. ஒரு மின்விசிறி. நான் மேஜையைப் பார்த்தே பேசினேன்.

"நான் அழுதுட்டிருந்தேன். வேற எதுக்கோ. இவர் கிடங்குல இருந்து வந்தார். பாவமேன்னு, கையால என் கண்ணைத் துடைச்சு விட்டார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் நிஜமாவே அழுதேன். கண்ணு அப்படி எரிஞ்சுது. ஊரை நினைச்சு அழறேன்னு நினைச்சுக்கிட்டு, மறுபடியும் துடைச்சு விட்டார். நான் அழ அழ அவர் துடைக்கிறார். அவர் துடைக்கத் துடைக்க நான் அழறேன்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லும்போது அவருக்கே குரல் தடுமாறியது. இளைய நீதிபதி குனிந்து எதையோ தேடினார்.

அரசு வக்கீல் எழுந்தார். புருஷனைக் காப்பாற்றச் சொல்கிற கதைதானே என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "காப்பாத்தணும்னு அந்த ரெண்டு வரியில கையெழுத்துப் போடச் சொன்னதே நான்தான் ஐயா. அவர்தான் மாட்டேன்னுட்டார்" என்றேன்.

அரசு வக்கீல் விடவில்லை. "இந்தக் கண் எரிச்சலை அவரிடம் எப்போதாவது சொன்னீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"துடைச்சு விடுறதை நிறுத்திடுவாரே."

இறங்கும்போதுதான் அவரைப் பார்த்தேன். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதிகள் இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பிறகு மூத்தவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ள முடியாது. நடவடிக்கை கைவிடப்படுகிறது. விசாலம் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியதில்தான் நல்ல சேதி என்று புரிந்தது.

"போகாம்" என்றார் மூத்தவர்.

இவர் போகவில்லை. கை கூப்பிக்கொண்டு நின்றார்.

"முன்சீப் ஐயாவுக்குக் கண்ணு ரொம்ப எரிஞ்சிருக்கும் சாரே. எனக்கு அன்னைக்குத் தெரியல. இப்பத்தான் தெரியுது. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அவர்கிட்ட இதைச் சொல்லிடணும்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். மூத்த நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சொல்லிடறேன்" என்றார், தமிழிலேயே.

திரும்பும் படகு

படகில் கூட்டமில்லை. ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்தோம். கப்பல் ஒன்று சங்கு ஊதியது. காயலில் பாசி மிதந்து போயிற்று. அவர் கைகளை முழங்காலுக்கு நடுவே செருகி வைத்திருந்தார், எங்கேயும் படாமல்.

"இத்தனை வருஷமா டானிக் வேற குடிச்சிருக்கே."

"நல்லாத்தான் இருந்துது."

"சொல்லியிருக்கலாமே புள்ள."

"நீங்க கேக்கலையே."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். வில்லிங்டன் தீவு தாண்டியது. பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வேற எதுக்கோ அழுதேன்னியே அங்க. எதுக்கு?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. படியில் விசாலம் நின்ற மாதிரி நிதானமாகக் காத்திருந்தார்.

டைப்பிங்கில் லோயர் கிரேடு பரீட்சை, என்றேன். கல்யாணத்துக்கு அடுத்த வாரம் பரீட்சை இருந்தது. பரீட்சை முடிந்து கல்யாணம் வைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. விரல் பார்க்காமல் அடிக்க அப்போதுதான் பழகியிருந்தேன். மட்டாஞ்சேரி வந்த மறுநாள், சமையலறைத் தரையில் விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

சொல்ல ஆரம்பித்தால் ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்தது. மாஸ்டர் என்ன சொன்னார், எந்த மெஷினில் எந்த எழுத்து ஒட்டிக்கொள்ளும், ரயிலில் வரும்போது என்ன நினைத்தேன், எல்லாம்.

படகு மட்டாஞ்சேரி ஜெட்டியில் இடித்து நின்றது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். கயிறு கட்டிய ஆள் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சேட்டா, இறங்ஙுன்னில்லே?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இருடே. அவ இன்னும் சொல்லி முடிக்கல."